என் இடத்தில் பூட்டிய பம்பு

அந்தோனியார் துணை

ஊர்காவற்றுறை

பிரான்சில் இருக்கும் அன்புத் தம்பி டெனிஸ்ரனுக்கு, அக்கா மேரிசுகந்தி எழுதிக்கொள்வது. உன்னையும் உன் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், படகு சுகம், கோழிகளும் சுகம். சுகக்கேடாய் இருப்பது நீ அனுப்பிய பம்பு ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை வட்சப்பில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் அத்தான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார். நான் ஒன்று சொல்ல, "இல்லைத் தம்பி, அது அப்பிடி இல்லை" என்று அவர் இரண்டு சொல்வார். அதற்குள் படம் நின்றுவிடும். நீ வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்பாய், நாங்கள் இருவரும் உன் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு இருப்போம். கடிதத்துக்குள் ஒருவரும் இடையில் புக ஏலாது. பக்கத்து வீட்டு நிலாந்தினி லீவு முடிந்து பாரிசுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

எங்கள் படகின் குணம் உனக்குத் தெரியும். அடியில் எங்கேயோ ஒரு வெடிப்பு. எத்தனை தரம் பூசினாலும் அது இடம் மாறிக்கொள்ளுமே தவிர மூடாது. கீழிருந்து கசிவது பாதி, அலை தூக்கி எறிவது பாதி என்று தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருவர் எஞ்சின் பிடித்தால் மற்றவர் தண்ணீர் இறைத்தே ஆகவேண்டும். அத்தானோடு தொழிலுக்குப் போனவர் கட்டாருக்குப் போய்விட்டார், வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லித்தான் நான் ஏறினேன். பிறகு அவர் ஆள் தேடவும் இல்லை, ஏன் தேடவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. கரையில் சிலர், பொம்பிளை ஏறின போட்டிலை நண்டு ஏறாது என்று கதைத்தார்கள். நண்டு ஏறிச்சுது, சனம் வாயை மூடிச்சுது.

என் வேலை கைப்பம்பு. அது என்ன பெரிய சாமான், ஒரு பிளாஸ்ரிக் குழாய், அதற்குள் றப்பர் பூட்டிய ஒரு தடி. தடியை மேலே இழுத்தால் தண்ணீர் ஏறிப் பக்கத்து வாயால் கடலுக்குள் விழும். நான் நடுப்பலகையில் அத்தானைப் பார்த்தபடி இருந்து இழுப்பேன். அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி எனக்கு மேலால் கடலைப் பார்ப்பார். எஞ்சின் போடுகிற சத்தத்தில் ஒரு சொல்லும் கேளாது. ஆனால் முன்னால் என்ன வருகிறது என்று அவருடைய முகத்தைப் பார்த்தே நான் சொல்வேன். புருவம் ஏறினால் அலை. வாய் கோணினால் யாரோ எங்கள் வலைக்கு மேல் வலை விட்டிருக்கிறான். தானாகச் சிரித்தால் எதிரே மிரோஜனுடைய படகு வருகிறது என்று அர்த்தம். மிரோஜன் யாரென்று உனக்கு நினைவிருக்கும், உன்னோடு பந்தடித்தவன், இப்போது துறையில் எங்களுக்குப் பக்கத்தில்தான் தன் படகைக் கட்டுகிறான்.

இப்படி நல்லபடி போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் உன்னுடைய பார்சல் வந்து இறங்கியது. அத்தான் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பம்பைத் தூக்கினார்.

"இஞ்சரப்பா, இதைப் பார். அடியிலை தண்ணி சேர்ந்தால் இந்த மிதவை எழும்பும், பம்பு தானா ஓடும். தண்ணி வத்தினால் தானா நிக்கும். ஆரும் சொல்லத் தேவையில்லை."

"நானும் ஆரும் சொல்லித்தானோ இவ்வளவு நாளும் இறைச்சனான்?"

"அதுதான் சொல்லுறன், நீ இனி வீட்டிலை இரு. உனக்கு இனிக் கடல் வேண்டாம்."

அவ்வளவுதான் தம்பி. ஒரு நன்றி இல்லை, ஒரு வாழ்த்து இல்லை. பள்ளிக்கூடத்து வாத்திமாருக்கு என்றால் ஓய்வு பெறுகிற அன்றைக்கு ஒரு மாலையாவது போடுகிறார்கள். எனக்கு அந்தப் பார்சலுக்குள் இருந்து பால் வடிக்கிறது போன்ற ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வடியை எடுத்துத் தந்து, "தம்பி உனக்கும் ஏதோ குசினிச் சாமான் வைச்சிருக்கிறான்" என்றார். நானும் அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

பம்பைப் பூட்ட சஞ்சீவன் வந்தான். அவன் சந்தியில் ஓட்டோ திருத்துகிறவன். ஓட்டோ திருத்துகிறவனுக்கு ஓட்டோமற்றிக் தெரியாமல் போகுமா என்று உன் அத்தான் கேட்டார். பற்றறியை ஒரு பெட்டிக்குள் வைத்து, வயரை இழுத்து, நான் வழக்கமாகக் கால் வைக்கிற இடத்துக்குக் கீழே பம்பைப் பூட்டினான். தண்ணீர் வெளியே போகிற குழாயை மட்டும் கீழே பார்க்க வைக்காமல் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டான். அது சும்மா இருக்கையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு துறையில் அனலைதீவுக்குப் போகிற லோஞ்சு நின்றது. லோஞ்சில் ஒரு கலியாண வீட்டுக்காரர். மாப்பிள்ளை பட்டு வேட்டி, தோழன் பட்டு வேட்டி, தாய்க்காரி கையில் தாலித்தட்டம். அத்தான் எங்கள் படகை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டிவிட்டு, மரியாதைக்கு அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். லோஞ்சு அசைந்ததில் எங்கள் படகும் அசைந்தது, படகு அசைய மிதவை எழும்பியது, மிதவை எழும்பப் பம்பு தன் கடமையைச் செய்தது. நண்டு ஓடும் பழைய இரையும் ஊறின அந்தத் தண்ணீர் மேலே எழும்பி, வளைந்து, மாப்பிள்ளையின் நெஞ்சில் போய் விழுந்து பட்டு வேட்டியில் வடிந்தது. மாப்பிள்ளை ஒதுங்கினார், தோழன் நனைந்தான். தோழன் ஒதுங்கினான், மாமன்காரர் நனைந்தார்.

"நிப்பாட்டு! நிப்பாட்டடா!" என்று லோஞ்சு முழுக்கச் சத்தம்.

"ஏலாது, அது ஓட்டோமற்றிக்!" என்று உன் அத்தான் கத்துகிறார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் நெஞ்சைக் கொண்டுபோய்க் குழாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அடியில் தண்ணீர் வத்தும் வரைக்கும் நின்றார். மாப்பிள்ளை நல்ல குணம், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தாய்க்காரி சிரிக்கவில்லை. கரையில் நின்று பார்த்த நான் அதற்குள் வீட்டுக்கு ஓடி, அத்தான் எங்கள் கலியாணத்துக்குக் கட்டின வேட்டியை அலுமாரிக்குள் இருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அனலைதீவில் ஒரு மாப்பிள்ளை உன் அத்தானுடைய வேட்டியோடுதான் தாலி கட்டினார். மறுவாரம் வேட்டி கழுவி மடித்துப் பலகாரத்தோடு திரும்பி வந்தது. பலகாரம் முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன்.

சஞ்சீவன் வந்து குழாயைக் கீழே திருப்பிவிட்டான். அத்தான் தனியே கடலுக்குப் போகத் தொடங்கினார். நான் வீட்டில் இருந்தேன். எப்படி இருந்தேன் என்று கேள். சட்டி பானை எல்லாம் மினுக்கினேன், மினுக்கினதைத் திருப்பி மினுக்கினேன், கோழிகள் என்னைக் கண்டால் வேலிக்கு அப்பால் போயின. மத்தியானமானால் கால் தானாகத் துறைக்குப் போய்விடும். அவருடைய படகு தூரத்தில் தெரியும், பக்கத்தால் பம்புத் தண்ணீர் வெள்ளையாய் விழும், வடிவாகத்தான் இருக்கும், எனக்கு அழுகை வரும். ஒரு பம்புக்கு எரிச்சல்படுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருக்கும். நான் ஏறுவது அவருக்கு வெட்கமாய் இருந்ததோ, ஊர் கதைத்தது அவருடைய மனதில் கிடந்ததோ என்று யோசித்து யோசித்து, அவரிடம் கேட்காமலே இருந்தேன். அவரும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லுவார். முன்பு அதுவும் சொல்லமாட்டார்.

சோளகக் காற்றுப் பெயர்ந்து மேற்கே கடல் கொந்தளிக்கத் தொடங்கிய ஒரு நாள் மத்தியானம் துறையில் நின்று பார்த்தேன். அவருடைய படகு தெரிந்தது. பக்கத்தால் விழுகிற வெள்ளைத் தண்ணீர் தெரியவில்லை. படகும் இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை, தாழ்ந்து கிடந்தது, அலைக்குத் திரும்பவும் இல்லை. தம்பி, நான் அந்தப் படகின் வயிற்றுக்குள் இருந்து எவ்வளவு தண்ணீர் அள்ளினவள், எவ்வளவு நிறைந்தால் எவ்வளவு தாழும் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஓடினேன். கைப்பம்பை நான் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கட்டை அவிழ்க்க நேரம் இல்லை, கொப்பையே முறித்துக்கொண்டு ஓடினேன்.

மிரோஜன் அப்போதுதான் வலை இறக்கிக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, கையிலை மரத்தோடை வாறியள்?"

"பேசாமல் போட்டை எடு. அங்கை பார்."

அவன் பார்த்தான், வலையை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை இழுத்தான். வழி முழுக்க அந்தோனியாருக்கு என்னென்ன நேர்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை. கிட்டப் போனபோது அத்தான் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, வெட்டின எண்ணெய்க் கலனால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு வந்துவிட்டது. நண்டுகள் அவரைச் சுற்றி நீந்தின. மிரோஜன் தன் படகை அணைத்துப் பிடிக்க நான் பாய்ந்து ஏறினேன்.

"உன்னை ஆர் வரச் சொன்னது?" என்று கத்தினார்.

"உங்கடை ஓட்டோமற்றிக் சொன்னது!" என்று நானும் கத்திக்கொண்டு என் இடத்தில் இருந்து இழுக்கத் தொடங்கினேன்.

அவர் கலனால் அள்ள, நான் பம்பால் இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் படகு எழும்பியது. அப்போதுதான் எனக்கு வழமையாக வருகிற மூச்சிழுப்பு வந்தது. மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. அத்தான் கலனைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"விடு. நான் இழுக்கிறன்."

"எனக்கு ஒண்டுமில்லை."

"உனக்கு ஒண்டுமில்லையோ? தை மாசம் நீ இழுக்கேக்கை உன்ரை உதடு நீலமாப் போனது. நீ காணேல்லை. முன்னாலை இருக்கிறவன் நான்தானே காணுறனான். அண்டையிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. டெனிஸ்ரனுக்கு நான்தான் எடுத்துச் சொன்னனான், ஏதாவது மெசின் அனுப்பு, இவள் சாகப்போறாள் எண்டு."

எஞ்சின் ஓடாமல் நின்றபடியால் எல்லாம் வடிவாகக் கேட்டது.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நிண்டிருப்பியோ?"

நின்றிருக்கமாட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அதற்குப் பிறகு அவர் இழுத்தார், நான் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். மிரோஜன் கட்டி இழுக்கக் கயிறு எறிந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். கரைக்கு வரும் வரைக்கும் அத்தானுடைய மற்றக் கை என் தோளில் இருந்தது. சனம் பார்த்தது, அவர் கையை எடுக்கவில்லை.

சஞ்சீவன் பம்பைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே வலை நூல் சுற்றிப் பந்தாய்க் கிடந்தது.

"அண்ணை, பம்பிலை பிழையில்லை. இதுக்கு அடியிலை ஒரு வடி பூட்டவேணும், குப்பை போகாமல். பார்சலுக்குள்ளை இருந்திருக்குமே?"

அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். குசினிக்குள் போய், அன்று காலையும் தேங்காய்ப்பால் வடித்த அந்தச் சாமானை எடுத்துவந்து கொடுத்தேன். சஞ்சீவன் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுப் பூட்டினான்.

ஆசுப்பத்திரிக்கும் போனோம். இது தொய்வு, அதுதான் ஆஸ்மா, என்று சொல்லி உறிஞ்சுகிற மருந்து தந்திருக்கிறார்கள். பாரமாய் இழுக்கக்கூடாதாம், ஆனால் கடலுக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லவில்லை. அத்தான் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார், அவர் சொல்லவேயில்லை. ஆகவே நான் திரும்பவும் போகிறேன். வேலைதான் இல்லை. கால் நீட்டி இருக்கிறேன். கீழே உன்னுடைய பம்பு ர்ர்ர் என்று ஓடுகிறது, நிற்கிறது, பிறகும் ஓடுகிறது. அது ஓடும்போதெல்லாம் எனக்குக் கை துடிக்கிறது. ஆகையால் நீ திருநாளுக்கு வரும்போது பெரிய பெட்டியாகக் கொண்டுவந்து அந்தப் பம்பைத் திருப்பி எடுத்துப் போ. நான் மருந்தை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்ல இழுப்பேன். இனிமேல் என்னைப் பற்றி நீங்கள் இரண்டு ஆம்பிளைகளும் கூடி ஏதும் முடிவெடுப்பதென்றால் என்னையும் கூப்பிடுங்கோ. இதுதான் என் முடிவு, இதில் மாற்றம் இல்லை.

உன் பிள்ளைகளின் கன்னத்தில் என் முத்தத்தை வை. குளிருக்குத் தலையை மூடு. மாதா உங்கள் எல்லோரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கடலிலும் கரையிலும் உனக்காக மன்றாடும் அக்கா,
மேரிசுகந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போன நேரம் அத்தான் வந்து நிற்கிறார். நான் அழுத்தி அழுத்தி எழுதினதில் கீழ்த் தாளிலும் எழுத்துப் பதிந்து, என் முடிவு அவருக்குத் தெரிந்துவிட்டதாம். பம்பைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வயரைச் சுற்றி, என் பழைய சேலைத் துண்டில் பொதிந்து, நிலாந்தினியிடம் கொடுத்துவிடச் சொல்லி மேசையில் வைத்துவிட்டு, என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன நிறமாய் இருக்கிறது என்று பார்க்கிறார் போல. எனக்கு ஏலாது தம்பி. கொண்டுபோய்த் திருப்பிப் பூட்டுங்கோ என்று சொல்லிவிட்டேன். ஒரு கையால் பம்பையும் மறு கையால் வயரையும் பிடித்துக்கொண்டு பூட்ட அவருக்கு ஏலாது, நானும் போகவேண்டும். மேலே எழுதினதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் வெட்டிவிடு.