பதினொரு ஜன்னல்களும் ஓர் ஊசியும்

இந்த வருடம் ஜன்னல் துடைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டே எடுத்த சபதம்தான். ஆனாலும் சபதம் சபதம்தானே.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் ஊரில் வீட்டை உதற ஆரம்பித்துவிடுவார்கள். கம்பளம், திரைச்சீலை, அலமாரி, கணவன் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. முதல் வேலை ஜன்னல். எங்கள் வீட்டில் பதினொன்று. நான் ஷீராஸ்காரன். ஷீராஸ்காரர்கள் சோம்பேறிகள் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எழுந்து போய் மறுக்க வேண்டும், இன்னும் நேரம் வரவில்லை. என் மனைவி மஹ்லகா இஸ்பஹான்காரி. இஸ்பஹான்காரர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று எழுதமாட்டேன். அவள் இதைப் படிப்பாள்.

என் வலது தோள் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. ஐம்பத்தேழு வயதில், நாங்கள் உடற்பயிற்சி செய்யும் கோதாவில், இளவட்டங்கள் பார்க்கப் பெரிய கர்லாக்கட்டையைச் சுழற்றியதில் தசைநார் கொஞ்சம் கிழிந்துவிட்டது. மூன்று மாதமாகக் கோதாவில் இறங்கவில்லை. நான் இறங்கும்போதெல்லாம் முரசடித்துப் பாடுகிறவர் பக்கத்தில் தொங்கும் மணியை ஒரு தட்டு தட்டுவார். மூத்தவர்களுக்கு மட்டுமே உள்ள மரியாதை அது. கோதாவில் நடக்கும் புத்தாண்டுக் கூட்டத்தில் அந்த மணி எனக்காக அடிக்காதோ என்பதுதான் என் பயம்.

டாக்டர் சொதூதே ஒரு வழி சொன்னார். என் ரத்தத்தையே எடுத்து, எந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் உறிஞ்சி, என் தோளிலேயே குத்துவாராம். வீட்டில் வந்து சொன்னேன்.

"இருபத்தெட்டு வருஷமா நான் உங்க ரத்தத்தைக் குடிக்கறேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அவர் எடுத்தா மட்டும் வைத்தியமா?" என்றாள் மஹ்லகா.

"அவர் திருப்பிக் குடுத்துடறாரு!"

"எப்போ ஊசி?"

"வர்ற சனிக்கிழமை."

"ஜன்னல் துடைக்கிற வாரம்."

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல பாரு."

சனிக்கிழமை அவளும் கூடவே வந்தாள். என் ரத்தம் சுழன்ற கால் மணி நேரமும் எனக்கும் தலை சுழன்றதால் உள்ளே படுக்கவைத்துவிட்டார்கள். அவள் வெளியே டாக்டரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசி. அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். கத்தியது நான்தான் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"ஈரஜ் ஐயா, இந்தக் கைக்கு ஒரு வாரம் ஓய்வு குடுங்க. அப்புறம் இந்தத் தாள்ல இருக்கற பயிற்சி. அதைச் செய்யலைன்னா ஊசி போட்டதே வீண்" என்றார் டாக்டர்.

தாளைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன். காரில் மஹ்லகா கேட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ரெண்டு வாரம் அசைக்கவே கூடாதாம். டீ கிளாஸ்கூடத் தூக்கக் கூடாதாம்."

"அடப் பாவமே! ரெண்டு வாரமா? சரி, ஈரஜ் ஜான்."

சண்டையே போடவில்லை. அதுவும் 'ஜான்', உயிரே என்று! அவள் என் பெயரோடு ஜான் சேர்த்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஊசி வலியில் எனக்கு உறைக்கவில்லை.

முதல் மூன்று நாள் வலி உயிரை வாங்கியது. வலி மாத்திரையும் கூடாது, ஐஸும் கூடாது என்பது டாக்டர் கட்டளை. மஹ்லகா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். தலைக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தாள். இவளிடமா பொய் சொன்னோம் என்று மனசு குத்தியது. எட்டாம் நாள் வலி போய்விட்டது. குத்தலும் போய்விட்டது.

இரண்டாவது வாரமும் ராஜா மாதிரி சோபாவில் கிடந்தேன். அவள் கம்பளங்களைச் சலவைக்கு அனுப்பினாள், அலமாரிகளைக் கவிழ்த்தாள், சமையலறைச் சுவரைத் தேய்த்தாள். ஜன்னல்களை மட்டும் தொடவில்லை.

"ஜன்னல்தானே எப்பவும் முதல்ல?" என்றேன் கவலையாக.

"என்ன அவசரம்? நீங்க கையை அசைக்காதீங்க."

பதினைந்தாம் நாள் காலை வாளி, வினிகர், துணி சகிதமாக முன்னால் வந்து நின்றாள். இன்னொரு கையில் டாக்டர் கொடுத்த தாள்.

"அது... அது எப்படி..."

"உங்க கோட்டுப் பையில இருந்துச்சு. போன தடவை முழங்கால் பயிற்சித் தாளைச் சூரியகாந்தி விதைத் தோல் போட மடிச்சீங்களே, அதான் முன்கூட்டியே எடுத்து வெச்சேன். முதல் படத்தைப் பாருங்க. உள்ளங்கைக்குக் கீழ துணி. வழவழப்பான பரப்புல மெதுவா மேல, மெதுவா கீழ. இருபது தடவை."

"சுவர்னுல்ல போட்டிருக்கு!"

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். கண்ணாடின்னா இன்னும் நல்லதாம்."

"துணியை ஏன் வினிகர்ல நனைக்கணும்?"

"நனைக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. இரண்டு பக்கமும் தேடினேன்.

தினம் இரண்டு ஜன்னல். பின்னால் நின்று எண்ணுவாள். "பதினேழு... முதுகை வளைக்காதீங்க... பதினெட்டு... அந்த மூலையில ஈ எச்சம்... பதினெட்டு..."

"பதினெட்டு ஏற்கெனவே சொல்லிட்ட!"

"எச்சம் போகலையே."

முதல் நாள் நெஞ்சு உயரத்துக்கு மேல் கை போகவில்லை. ஐந்தாவது ஜன்னலில் நெற்றி வரை போனது. பதினோராவது ஜன்னலின் மேல் விளிம்பைத் தொட்டபோது, வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வலிக்கவில்லை. இன்னொரு தடவை எட்டித் துடைத்தேன். அவள் கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு, "வினிகர் நெடி" என்றாள்.

புத்தாண்டுக் கூட்டத்தன்று கோதாவில் இறங்கினேன். சின்னக் கர்லாக்கட்டைதான் எடுத்தேன், புத்தி வந்திருக்கிறது. மணி அடித்தது. எனக்காகத்தான். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பதினொரு ஜன்னலிலும் சாயங்கால வெயில் பளபளத்தது. மனசு நிறைந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மஹ்லகா, உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். டாக்டர் ஒரு வாரம்தான் ஓய்வுன்னாரு. நான்தான் ரெண்டுன்னு சொன்னேன்."

அவள் பிஸ்தாவை உடைத்து என் வாயில் போட்டாள்.

"ரெண்டு வாரம்தாங்க வேணும். நீங்க உள்ள மயங்கிக் கிடந்தப்ப அவரு எங்கிட்ட சொன்னாரு. 'எங்க வீட்டுக்காரர் எதையும் ரெட்டிப்பாக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாரு, அதனால அவர்கிட்ட ஒண்ணுன்னு சொல்லிடுங்க டாக்டர்'னு நான்தான் சொன்னேன்."

கஷ்டப்பட்டுச் சொன்ன பொய். அதையும் அவள் முன்கூட்டியே உண்மையாக்கி வைத்திருந்தாள்.