‘மடிப்பு’ மொழியை நீக்குவது குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்களும் என் மகளும் நலமென நம்புகிறேன். இக்கடிதத்தை மூன்று முறை படியெடுத்தேன். மூன்றாவதில்தான் மை சிந்தவில்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்காக இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நான் உருவாக்கிய ‘மடிப்பு’ என்ற கணினி நிரல்மொழியை நீக்கிவிடலாம் என்று, ஆலோசகர் என்ற முறையில் நீங்கள் கொடுத்த அறிக்கையைப் படித்தேன். எந்தத் துணி எந்த வார்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதை அங்கே இன்றும் அந்த மொழியில்தான் எழுதுகிறார்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் அதன் தலையெழுத்து முடிவாகிறது. நவீன அம்சங்கள் இரண்டு இல்லாததால்தான் அது அந்தக் கட்டடத்தைத் தாண்டவில்லை என்கிறது உங்கள் நான்காம் பக்கம். மறுக்கிறேன்.

மறுப்பதற்கு முன் முறைப்படி சோதித்தேன். முதல் அம்சம், பயன்படாத தகவலை மொழி தானே கண்டுபிடித்து அழித்துக்கொள்வது. பதினேழு நாள் உட்கார்ந்து சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அறுவை சிகிச்சை எதுவும் இல்லையாதலால் அறுவை அங்கிகளின் பட்டியலையே அது துடைத்துவிட, திங்களன்று தலைமை மருத்துவர் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு நடைபாதையில் நின்று, “எவன்யா இதை எழுதினது?” என்று கத்த, நான் துணி வண்டிக்குப் பின்னால் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். போட்டிருந்தது செருப்பு. இரண்டாவது அம்சம், எது எண்ணிக்கை, எது வார்டு என்று நாம் சொல்லாமலே மொழி ஊகித்துக்கொள்வது. நாற்பதாம் வார்டுக்கு ஒரு தலையணை என்றதை ஒன்றாம் வார்டுக்கு நாற்பது தலையணை என்று ஊகித்தது. அங்கே இருப்பது மூன்றே படுக்கை. செவிலியர் தொலைபேசியில் கூப்பிட்டு, “சார், நோயாளிய தேடிக்கிட்டு இருக்கோம்” என்றார். இரண்டு அம்சங்களையும் அன்றே பிடுங்கினேன்.

ஒரு மொழி ஊரெல்லாம் பரவுவது அதில் என்ன இருக்கிறது என்பதாலா? நீங்கள் எழுதும் மொழியை ஏன் கற்றீர்கள் என்று போன மாதம் சாப்பாட்டு மேசையில் கேட்டேனே, “பக்கத்து சீட்டுக்காரன் அதுலதான் எழுதிட்டிருந்தான் மாமா, சந்தேகம் கேக்க ஆள் இருந்துச்சு” என்றீர்கள். என் வாதமும் அதுவே. என் மொழிக்குப் பக்கத்து சீட் கிடையாது; எனக்குக் கொடுத்த அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அம்சங்களைத் தனித்தனியே எடைபோட்டிருந்தால் உங்களையே நான் மாப்பிள்ளையாக ஏற்றிருக்க மாட்டேன். குறட்டை ஒன்று, கார் ஓட்டும் விதம் இன்னொன்று. உங்கள் மாமியார் என் தோளுக்குப் பின்னால் நின்று, “ஐயோ, அந்த வரிய அடிச்சிடுங்க” என்கிறாள். அடிக்கவில்லை.

நாளைக்கு எழுந்து நின்று இதையே சொல்வேன். உட்கார்ந்தபடி சொன்னாலும் சொல்வேன், சொல்வது உறுதி.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, வேளைக்குத் தூங்கி, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
கருத்து மாறாத மாமனார்

பி.கு.: தபால்தலை வாங்குவதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது. நான் எழவில்லை. சலவைக்கூடத் தலைவி எழுந்தார். “புது மொழியில தப்பு பண்ணா செவப்பா ‘பிழை’ன்னு கத்துது. இது மட்டும்தான், ‘மன்னிக்கவும், பதினாலாம் வரி எனக்குப் புரியவில்லை, ஒருமுறை பார்க்கிறீர்களா’ன்னு கேக்குது. இந்தக் கட்டடத்துல என்கிட்ட மன்னிப்பு கேக்குறது இது ஒண்ணுதாங்க. இத எடுத்தா நானும் கெளம்பிடுவேன்” என்றார். மொழி இருக்கட்டும் என்று குழுவில் இருந்த பதினொரு பேரும் கை தூக்கினார்கள். ஒரே ஓர் அம்சத்துக்காக மொழி தங்கிவிட்டது. ஆகவே நான் மேலே எழுதியதெல்லாம் தவறு, நீங்கள் சொன்னதே சரி. உங்கள் அறிக்கையைத்தான் நீக்கிவிட்டார்கள்.