பொன்னாத்தாளுக்கு ஒத்துவந்த தோடு

ஒரு காட்டில், மரக்கிடங்குக்குப் பின்னால் இருக்கிற ஊழியர் குடியிருப்பில், மருதாசலம் என்று ஒரு யானை இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? மன்னிக்க வேண்டும், இருந்தார். முப்பத்தெட்டு வருடம் கட்டைகளை எண்ணி முத்திரை குத்தி, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவரை மரியாதையில்லாமல் சொன்னால் ஓய்வூதியர் சங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வரும். வீண் வம்பு எதற்கு?

அவருக்கு அறுபது முடிந்தது. மணிவிழா நடத்த வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். நாள் குறித்தாயிற்று, பந்திக்குக் கரும்பு சொல்லியாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அப்போதுதான் அவருடைய மனைவி பொன்னாத்தாள் சாவகாசமாக வந்து உட்கார்ந்து ஒரு விஷயத்தைச் சொன்னார். கல்யாணத்தின்போது மருதாசலத்தின் அம்மா சபையில் எழுந்து நின்று, மருமகளுக்கு வைரத்தோடு போடுவோம் என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு சரி. முப்பத்து மூன்று வருடமாகத் தோடு வரவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால்கூடப் பொன்னாத்தாள் அந்தத் தோட்டை இழுக்காமல் விட்டதில்லை.

“ஏனுங்க, காதுல வைரத்தோடு இல்லாம நான் மணையில உட்கார மாட்டேன். நீங்க வேணும்னா தனியா உட்கார்ந்து தாலி கட்டிக்குங்க” என்றார் பொன்னாத்தாள்.

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. மூத்த மகள் கல்யாணத்தில் நலங்குமாவு தரமில்லை என்று அரை நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டவர். நானூறு பத்திரிகை போயிருக்கிறது. நானூறு குடும்பத்துக்கு முன்னால் காலி மணைக்குப் பக்கத்தில் ஒற்றை யானையாக உட்கார்ந்திருப்பதை மருதாசலம் நினைத்துப் பார்த்தார். கையிலோ, எல்லாச் செலவும் போக, நாற்பதாயிரம் இருந்தது.

மறுநாளே கிளம்பி அங்கமுத்து நகை மாளிகைக்குப் போனார். முதலாளி அங்கமுத்து ஒரு காக்கை. பளபளப்பான பொருள்கள் காக்கையிடம் எப்படி வந்து சேருகின்றன என்று அந்தக் காட்டில் யாரும் கேட்பதில்லை. ஏசி போட்ட கடையில் போய் அப்படியெல்லாம் கேட்பது நாகரிகமில்லை என்று ஒரு அபிப்பிராயம் இருந்தது.

டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, விற்பனைப் பிரிவில் இருந்த சாந்தாமணி என்ற மைனா அவரைக் கூப்பிட்டாள். பட்ஜெட் என்ன என்று கேட்டாள். மருதாசலம் சொன்னார். அதுவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அண்ணா என்று மாற்றிக்கொண்டாள். மேசைமேல் இருந்த காபியும் உள்ளே போய்விட்டது.

நாற்பதாயிரத்துக்கு வந்தது கடுகளவு கல். போட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட, சாந்தாமணி ஒரு சேப்பங்கிழங்கு இலையை எடுத்து அதன்மேல் தோட்டை வைத்தாள். வைத்த தோடு காணோம். மூன்று பேர் டார்ச் அடித்துத் தேடி, இலையின் நரம்போரத்தில் கண்டுபிடித்தார்கள். பொன்னாத்தாளின் காது அந்த இலையைப் போல எட்டு மடங்கு. அதில் இதைப் போட்டால், தோடு போட்டிருக்கிறது என்று பக்கத்தில் ஒரு போர்டு மாட்ட வேண்டியிருக்கும்.

சாந்தாமணி சளைக்கவில்லை. நிறத்தில் ஒரு படி இறங்கினால் அளவில் ஒரு படி ஏறலாம் என்றாள். உள்ளே புள்ளி இருக்கிற கல்லென்றால் இன்னும் கொஞ்சம் பெரிதாக வரும், யார் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் காதைப் பார்க்கப் போகிறார்கள் என்றாள். தன் சம்பந்தியம்மாள் பார்ப்பார் என்பது மருதாசலத்துக்குத் தெரியும். ஏழு கல்லை நெருக்கிப் பதித்தால் தூரத்திலிருந்து ஒரே கல்லாகத் தெரியும் என்றாள். ஏழு கடுகைச் சேர்த்தாலும் ஒரு பட்டாணி ஆகவில்லை. கடைசியாக, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இருக்கிறது, பாதி விலையில் இரண்டு மடங்கு கல், எந்த வித்தியாசமும் தெரியாது என்றாள்.

மருதாசலத்துக்கு ஆசை வந்தது. வெளியே போய் வீட்டுக்குப் போன் செய்து, யாரோ நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டார். கல்லை ஆய்வகத்தில் வாங்குகிற அந்த நண்பர், மணையில் உட்கார ஒரு பொம்மை யானையையும் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் பொன்னாத்தாள் போனை வைத்துவிட்டார்.

தொங்கிய தும்பிக்கையோடு திரும்பி வந்தவரை முதலாளி அங்கமுத்துவே எதிர்கொண்டார். தோளில் இறகை வைத்து உள்ளறைக்கு அழைத்துப்போய் ஒரு சிமிழைத் திறந்தார். உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு கல். அறை முழுக்கப் பளபளவென்று அடித்தது. விலை எட்டு லட்சம் என்றார். மருதாசலம் எழுந்துவிட்டார்.

“உட்காருங்க. யாரு உங்களை இப்ப வாங்கச் சொன்னா? வைரம்னா எல்லாருக்கும் ஒத்துவந்துருமுங்களா? எட்டு நாள் வீட்டுல வெச்சுப் பாருங்க. நல்லது நடந்தா எடுத்துக்குங்க, கெட்டது நடந்தா கொண்டாந்து குடுத்துருங்க. கையில இருக்கறதை முன்பணமாக் கட்டுனாப் போதும்” என்றார் அங்கமுத்து.

இந்த வழக்கம் அந்தக் காட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தங்கம் யார் காதிலும் சமர்த்தாக இருக்கும். வைரத்துக்குத்தான் குணம் உண்டு. சில வீட்டை வாழவைக்கும், சில வீட்டைத் தெருவில் நிறுத்தும். அதனால் எவ்வளவு படித்தவர்களும் எட்டு நாள் சாமி அறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடுவார்கள். மருதாசலம் மனக்கணக்குப் போட்டார். மணிவிழா ஆறாம் நாள். அன்றைக்குப் பொன்னாத்தாள் தோடு போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்துவிடுவார். எட்டாம் நாள், ஐயோ ஒத்துவரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. முப்பத்தெட்டு வருடம் அரசாங்க வேலை பார்த்ததற்கு இப்போதுதான் ஒரு பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு லட்ச ரூபாய்ப் பொருளை நாற்பதாயிரத்துக்கு நம்பிக் கொடுத்தனுப்புகிறாரே என்று ஒரு நிமிடம் யோசித்தார்தான். என் முகம் அப்படி, என்ன செய்வது என்று தானே பதில் சொல்லிக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

தோட்டைப் பார்த்ததும் பொன்னாத்தாளுக்குப் பேச்சே வரவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் மருதாசலம் அனுபவித்த முதல் அமைதி அது. எட்டு நாள் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் வருத்தப்படக்கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். அதெல்லாம் முறைதானே என்று பொன்னாத்தாளும் ஒப்புக்கொண்டு சாமி அறையில் வைத்தார்.

முதல் நாள், ஏழு மாதமாக வராத குழாய்த் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள், பதினோரு வருடமாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்துகொண்டிருந்த பஞ்சப்படிக் கோப்பு கையெழுத்தாகிவிட்டதாகத் தபால் வந்தது. தொகை மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆனாலும் நல்லது நல்லதுதானே. மூன்றாம் நாள், கல்யாணப் பந்தியில் தனக்கு இரண்டாம் கரும்பு வைக்கவில்லை என்று நாலு வருடமாகப் பேசாத மாப்பிள்ளை தானே போன் செய்து, மாமா சௌக்கியமா என்று கேட்டார்.

“ஒத்துக்கிச்சுங்க. இந்தத் தோடு இனி இந்த வீட்டைத் தாண்டாது” என்றார் பொன்னாத்தாள். சொல்லிவிட்டு எடுத்துக் காதிலும் போட்டுக்கொண்டார்.

மருதாசலத்துக்குக் கண்ணைக் கட்டியது. எட்டு லட்சத்துக்கு எங்கே போவது? ஓய்வூதியத்தை முழுசாகக் கொடுத்தாலும், அதைக் கட்டி முடிக்க இன்னொரு அறுபது வயது வேண்டும். இனி ஒரே வழிதான் இருந்தது. எப்படியாவது வீட்டில் ஒரு கெட்டது நடக்க வேண்டும். ஊரில் எத்தனை பேருக்குக் கேட்காமலே நடக்கிறது, நமக்கு ஒன்று நடக்கக்கூடாதா என்று சாமியிடமே கேட்டுப் பார்த்தார். சாமி அசையவில்லை. சரி, நாமே நடத்துவோம் என்று இறங்கினார்.

நாலாம் நாள் தன் கைப்பேசியின்மேல் உட்கார்ந்தார். அது அப்பளமாக நொறுங்கியது. கொண்டுபோய்க் காட்டினால், உத்தரவாதக் காலம் முடிய அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று சொல்லிக் கடைக்காரர் புதுசாக ஒன்று கொடுத்தார். ஐந்தாம் நாள் ஓடைப் பாறையில் வேண்டுமென்றே வழுக்கி விழுந்தார். முட்டி மளுக்கென்றது. ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்ன முட்டி அது. எழுந்து நின்றால் வலி போன இடம் தெரியவில்லை. துள்ளி நடந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துப் பொன்னாத்தாள் தோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருதாசலம் கொல்லைப்பக்கம் போய் அழுதார்.

ஆறாம் நாள் மணிவிழா ஜாம்ஜாமென்று நடந்தது. பொன்னாத்தாள் மணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சாதாரணமாகச் சொல்கிறேன், அந்த உட்கார்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். சம்பந்தியம்மாள் கிட்டத்தில் வந்து காதை உற்றுப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூடக் கிளம்பிப் போனார். மருதாசலம் தாலி கட்டினார்.

எட்டாம் நாள் காலை, தோட்டைப் பாலிஷ் போட வேண்டும் என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். திருப்பிக் கொடுப்பது ஒன்றும் அவர் நினைத்த மாதிரி இல்லை. அதற்குத் தனி வரிசை, தனி டோக்கன், மூன்று பிரதியில் ‘ஒத்துவராமைப் படிவம்’. சாவு, களவு, வழக்கு, நெருப்பு, விபத்து, நோய் என்று கட்டம் கட்டி, நடந்த கெடுதலுக்கு நேராக டிக் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அத்தாட்சி நகலும் இரண்டு சாட்சிகளும் கேட்டார்கள். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘இதர’ என்ற கட்டத்தில் எட்டு லட்சம் கடன் என்று எழுதினார். சாந்தாமணி அதைப் பார்த்துச் சிவப்பு மையால் அடித்தாள். அது வைரம் எடுக்கிற எல்லாருக்கும் வருவது, கெடுதல் கணக்கில் சேராது என்று விளக்கி, முதலாளியைப் பார்க்க அனுப்பினாள்.

அங்கமுத்துவுக்கோ வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும், காக்கையாகப் பிறந்ததால் தப்பித்தார். விஷயம் அவர் காதுக்கு முன்பே வந்திருந்தது. தண்ணீர், பஞ்சப்படி, மாப்பிள்ளை, முட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டினார். பாக்கிப் பணத்தைக் கட்டினால் இன்றைக்கே அசல் கல்லைப் பதித்துத் தருவதாகச் சொன்னார்.

அசல் கல்லா என்று கேட்டார் மருதாசலம்.

“ஆமாங்க. நீங்க கொண்டுபோனது மாதிரிக்கல், வெறும் கண்ணாடி. எட்டு லட்சத்தை நாப்பதாயிரத்துக்கு யாராச்சும் குடுத்தனுப்புவாங்களா? கண்ணாடிக்கே இத்தனை நல்லது நடந்துச்சுன்னா அசலுக்கு என்னென்ன நடக்கும்னு பாருங்க.”

மருதாசலம் நாற்காலியில் சாய்ந்தார். முதலில் அவமானமாக இருந்தது. தன் முகத்தை நம்பித்தான் கொடுத்தார்கள் என்று எட்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாரே. அடுத்த நிமிடம் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. அந்தக் கண்ணாடி என்ன விலை என்று கேட்டார். முன்னூறு ரூபாய் என்றார் அங்கமுத்து. இதுவே போதும், எங்களுக்கு ஒத்துவந்தது இதுதான், மீதி முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறைக் கொடுத்துவிடுங்கள் என்றார் மருதாசலம்.

அங்கமுத்து தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்த்தார். “கல்லுக்கு முன்னூறு. மீதி, உங்க வீட்டம்மா எப்பவாவது கடைக்கு வந்தாங்கன்னா நான் பேசாம இருக்கறதுக்கு.”

பட்ஜெட் கச்சிதமாகப் பொருந்தியது. எட்டு லட்சத்துக்கு ரசீதும், தங்க எழுத்தில் உறுதிச்சான்றும் இலவசமாகக் கிடைத்தன.

கதையை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வைரம் வாங்கிய பெண்மணி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்தக் காட்டில் யார் வைரம் எடுக்கப் போனாலும் பொன்னாத்தாளை அழைத்துப்போகிற வழக்கம் வந்துவிட்டது. அவர் கடையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் தன் காதுத் தோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அவர் காதிலிருந்த கண்ணாடிக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்ததால் அது சூரியனாக அடித்தது. பக்கத்தில் அசல் கல் அழுதுவடிந்தது. இது போலி, இது மட்டம், இது ஆய்வகத்தில் பொரித்தது என்று வரிசையாகத் தள்ளிவிட்டார். அங்கமுத்து வாயைத் திறக்க முடியாமல் நின்றார். வாயை ஏற்கெனவே விற்றாயிற்றே. ஒரு மாதம் ஈ ஓட்டிப் பார்த்தார். பிறகு வியாபாரம் தெரிந்தவராகக் கண்ணாடியையே வைர விலைக்கு அடுக்கினார். பொன்னாத்தாள் திருப்தியாகத் தலையாட்ட, காடு முழுக்க விற்றுத் தீர்ந்தது. எல்லா வீட்டிலும் நல்லது நடந்ததாகவே பேச்சு.

அந்த எட்டு லட்ச ரூபாய் அசல் ஜோடி விலைபோகாமல் கிடந்தது. முதலாளி வெளியூர் போன ஒரு நாளில், சாந்தாமணி அதன் மங்கலைப் பார்த்துவிட்டு, வைர விலைக்குத் தேறாத முன்னூறு ரூபாய்க் கண்ணாடிக்கற்களின் தட்டில் கொட்டிவிட்டாள். குப்பண்ணன் என்ற பெருச்சாளி அன்றைக்கு வந்து, தன் மனைவி பாவாத்தாளுக்கு முன்னூறு ரூபாய்க்கு அதை எடுத்துப்போனார். அவருடைய பட்ஜெட் அவ்வளவுதான்.

அடுத்து வந்த ஒரு வளைகாப்பில் பாவாத்தாள் அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாரம் தாங்காமல் காது மடங்கித் தொங்கியது. பொன்னாத்தாள் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பாவம் என்று அவருக்கு மனசு இளகிவிட்டது.

“கண்ணாடியா இருந்தாலும் உனக்கு லட்சணமாத்தான் இருக்குது, கண்ணு. வருத்தப்படாத. குப்பண்ணனுக்கும் ஒரு காலம் வரும், அப்ப நல்லதா வாங்கிக்கலாம்” என்றார்.

பக்கத்தில் நின்ற மருதாசலம் அந்தச் சின்னக் காதைப் பார்த்தார். பொன்னாத்தாள் கண்ணாடி என்று சொன்னால் அது என்னவாக இருக்கும் என்று அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பொன்னாத்தாள் என்னங்க என்று திரும்பினார். காதில் கல் பளீரென்று அடித்தது. ஒன்றுமில்லை, இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொல்லு என்றார் மருதாசலம்.

நீதி: மனைவிக்கு வைரம் எடுக்கப் போகிறவர் கல்லைச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா என்று மட்டும் சோதித்தால் போதும்.