உஸ் அண்ணையின் ஓசையில்லாச் சைக்கிள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

ஆகாய விமானத்துக்கு அஞ்சிய ஊர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே போர் நடந்த அந்நாட்களில் எத்தனையோ இருந்தன. ஒரு தனி மனிதருக்கு அஞ்சித் தும்மலை மூக்குக்குள்ளேயே விழுங்கிய இடம் பண்டத்தரிப்பில் சிறு தெருவான எங்கள் ஒழுங்கை ஒன்றுதான். அம்மனிதரை உஸ் அண்ணை என்போம். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுத்த எனக்கே அது மறந்துபோயிற்று. எவர் வாய் திறந்தாலும் விரலை உதட்டில் வைத்து "உஸ்!" என்பார். மாடு கத்தினால் மாட்டுக்கும் அதே மரியாதை. கோயில் மணி அடிக்கும்போது மாத்திரம் வாய்மூடி நிற்பார். ஆயினும் அவர் முகத்தைப் பார்த்தால் முருகனே சற்று மெதுவாக அடிக்கச் சொல்லியிருப்பார்.

தொழிலால் அவர் தோட்டக் கிணறுகளின் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்துபவர். கழற்றிப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. பூவரசந்தடியின் ஒரு நுனியை இயந்திரத்திலும் மறு நுனியைத் தம் காதிலும் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டு நோயைச் சொல்லுவார். சொன்னது பிழைத்தால், "மெசின் பொய் சொல்லுது" என்பார். மண்ணெண்ணெய்க்குத் தடை வந்து இயந்திரங்கள் வாயடைத்து நின்றபோது, வேலையிழந்த அந்தக் காதுகள் இரண்டும் ஊரின்மேல் திரும்பின.

சிரிப்பதற்குரியதாகவே இதனைத் தொடங்கினேனாயினும், இதன் அடியில் இருந்தது சிரிப்பு அன்று.

அவருடைய மனைவி பவளமக்கா. தம் தோட்டத்துக் கத்தரிக்காயை நல்லூர்ப் பக்கத்துச் சந்தையில் விற்பவர். அண்ணை சைக்கிள் மிதிப்பார். அக்கா பின்கரியரில் ஓலைக் கடகத்தை மடியில் ஏந்தி அமர்ந்திருப்பார். அவர்களுடைய பழைய சைக்கிளில் சேறு தடுக்கும் மட்காட் தகடு தளர்ந்து, தகரக்கடையொன்று எழுந்து ஓடிவருவதுபோலக் கடகடவென்று அடிக்கும். ஒரு நாள் அந்த இரைச்சலில் பொம்மர் விமானம் வரும் ஒலி அண்ணைக்குக் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் குண்டு விழுந்தது. இருவர் உடம்பிலும் கீறல்கூட இல்லை. அக்காவின் காதுகள் மாத்திரம் அன்றோடு அடைத்துப்போயின.

"மட்காட்தான் தம்பி அவவின்ரை காதைத் திண்டது," என்றார் அண்ணை என்னிடம். அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பாழ்ங்கிணற்றில் எறிந்தார். அது விழுந்த சத்தத்துக்கும் "உஸ்!" என்றார்.

அதன்பின் நெடுநாள் அக்கா பேசவில்லை. சோறு வைப்பார், சாணி அள்ளுவார், உதட்டைப் பார்த்து மற்றவர் பேச்சை விளங்கிக்கொள்ளவும் பழகினார்; வாய் மாத்திரம் திறக்கவில்லை. இருவரும் சந்தைக்குப் போவதும் நின்றது. பிறகு ஒரு காலையில், பக்கத்து வளவில் பல் விளக்கிக்கொண்டிருந்த நான் திடுக்கிட்டு வேப்பங்குச்சியைக் கடித்தேன். காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"இஞ்சேருங்கோ! கத்தரி பூத்திட்டுது! நான் சந்தைக்குப் போகவேணும்!"

தம் குரல் தமக்குக் கேளாதவர் அதன் அளவை எப்படி அறிவார்? பவளமக்கா அன்று பேசியது மாதகல் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

வேலிப்பொட்டினூடாக நான் பார்த்தேன். அண்ணை அவர் முன்னே வந்து நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்: "பொறு. சத்தமே இல்லாத சைக்கிள் ஒண்டு கட்டுறன். ரோட்டிலை எனக்கு எல்லாம் கேக்கவேணும். அதுக்குப் பிறகு ஏத்திறன்."

"காய் முத்த முன்னம் கட்டி முடியுங்கோ! இல்லாட்டி நான் தனிய நடந்து போவன்!"

வெறும் மிரட்டல் அன்று என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்தத் தெருவிலே, பின்னால் வருவது வண்டியா விமானமா என்று அறியாத ஒரு பெண் கடகத்தோடு தனியே நடப்பதை எண்ணிப் பாருங்கள். அன்று முதல் எங்கள் ஒழுங்கையில் நாட்காட்டி கத்தரிச் செடிதான்.

புதிய உதிரிப்பாகம் கண்ணால் காணவும் கிடையாத காலம் அது. உடுப்பிட்டியில் ஒருவரிடம் பழைய பந்தயச் சைக்கிளின் சட்டமாகிய பிறேம் ஒன்று கிடக்கிறது என்று கேள்வியுற்று அண்ணை புறப்பட்டார். போன இடத்தில் பிறேமைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். அவ்வீட்டுக் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. அது பொறுக்காமல் முதலில் அதைக் கழற்றித் திருத்தத் தொடங்கிவிட்டார். வீட்டுக்காரர் முதலில் திருடன் என்று தடியெடுத்தார். பிறகு கப்பி பட்டுப்போல ஓடக் கண்டு, பிறேமைத் தாமே அண்ணையின் தோளில் தூக்கி வைத்தார்.

அது மெல்லிய உருக்குக் குழாய்களால் ஆனது. ஒரு விரலால் தூக்கலாம். அண்ணை அதை மாமரத்தில் கயிற்றில் தொங்கவிட்டுக் கூழாங்கல்லால் தட்டித் தட்டிக் கேட்டார். எங்கும் ஒரே நாதமாக ஒலித்தால் வெடிப்பு இல்லை என்பது அவர் கணக்கு. அந்த ஓசை கேட்டு, புதுக் கோயில் வந்துவிட்டதென்று ஒரு கிழவர் செம்பருத்தியோடு வந்து நின்றார். பின்பக்கக் குழாய்களை வெட்டி, வேறு குழாய் சேர்த்து, கரிநெருப்பில் பித்தளை உருக்கி ஒட்டி நீட்டினார். அக்காவின் பாரம் சில்லுக்கு நேர்மேலே இறங்கவேண்டுமாம். அவரை முக்காலியில் இருத்தி, முழங்காலிலிருந்து பாதம்வரை ஈர்க்கால் அளந்து, கால் வைக்கும் கம்பிக்கு இடம் குறித்தார். தையற்காரன்கூட அவ்வளவு பக்தியோடு அளவெடுக்கமாட்டான்.

சில்லின் கம்பிகளை வீணைபோல மீட்டி, எல்லாம் ஒரே சுருதி பேசும்வரை முறுக்கினார். அச்சுக்குள் போடும் உருக்குக் குண்டுகளைப் பீங்கான் கோப்பையில் உருட்டி, முனகியவற்றைக் குற்றவாளிகளைப்போல ஒதுக்கினார். பிறேக் கட்டைக்கு இறப்பர்ச் செருப்பை அரிந்தார். என் மனைவியின் செருப்பில் ஒன்று அவ்வாரமே காணாமற்போனது. செயினை இலுப்பெண்ணெயில் ஊறவைத்தார். பின்சில்லின் பிறீவீல், மிதிக்காமல் ஓடும்போது கிட்கிட்டென்று பேசும் அல்லவா? அதையும் பித்தளை ஊற்றி அடைத்துவிட்டார். இனிச் சில்லு சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை.

"தம்பி, ஒருக்கா ஓடிக் காட்டு. நான் நிண்டு கேக்கவேணும்."

ஏறினேன். எண்ணெயில் வழுக்கியதுபோல ஓசையே இல்லாமல் ஓடிற்று. ஒழுங்கை முடிவில் காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. அது என் காலைப் பிடித்துச் சுழற்றி, என்னைத் தூக்கிக் கிளுவை வேலிக்குள் நாட்டியது. முள்ளுக்குள் தலைகீழாகக் கிடந்த என்னருகே அண்ணை ஓடிவந்து குனிந்தார்.

"ஏதும் சத்தம் கேட்டதோ?"

"நான் கத்தினது கேட்டுது அண்ணை."

"உன்னை விடு. சைக்கிள்?"

சங்கக்கடை வரிசையில் அவரைச் சீண்டாதவர் இல்லை. "சத்தம் போடாத மனிசி ஒண்டும் கட்டித் தருவியளோ அண்ணை?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எதற்கும் பாய்பவர் அன்று பாயவில்லை. அடுத்த கணம் கையை உயர்த்தி, "உஸ்! பொம்மர்!" என்றார். வரிசை முழுவதும் கடையோரப் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. இரைந்தது கடையின் மரத்தூணைக் குடைந்த கருவண்டு. வெளியே வந்தபின் வரிசையில் யார் முன் யார் பின் என்ற சண்டை மாலைவரை தீரவில்லை.

"வண்டெண்டாலும் அது பொம்மர் வண்டு," என்றார் அண்ணை, சற்றும் அசையாமல்.

இப்படியே காய் முற்றிற்று. அன்று விடிய அண்ணை சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லாச் சத்தமும் அடங்கியபின் எங்கோ ஒரு சிறு "கிறீச்" எஞ்சியிருந்தது. அவர் காதுக்கு மாத்திரம் கேட்டது. அக்கா கடகத்தைத் தலையில் வைத்து வேலிப் படலையைத் திறந்தார்.

"எப்பன் பொறு! ஒரே ஒரு கிறீச்சு!"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை; ஆகவே அவருக்கு அது கேட்கவுமில்லை. நடந்தார்.

அண்ணை சைக்கிள் சீற்றில் ஏறி அசைந்தார். கிறீச். அதன் அடியிலிருந்த சுருள்வில்! குறட்டால் அதைப் பிடுங்கி எறிந்து, பழைய இறப்பர் ரியூப்பால் சீற்றை வரிந்து கட்டினார். எனக்கும் அன்று நல்லூர்ப் பக்கம் பண்டசாலை அலுவல் இருந்தது. என் சைக்கிளை எடுத்தேன்.

"டேய், உந்தச் சல்லாரிச் சைக்கிளோடை எனக்குக் கிட்ட வந்தியோ, தெரியும்! நூறு யார் தள்ளி வா!"

அக்காவை வயல்வெளி தொடங்கும் இடத்தில் பிடித்தார். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் கரியரில் ஏறி, கால் கம்பியில் பாதத்தை வைத்தார். அளவு அச்சொட்டாக இருந்திருக்கவேண்டும், முகம் மலர்ந்தது. விமானம் கேட்டால் அண்ணை இடது முழங்கையால் பின்னுக்கு ஒரு இடி இடிப்பார், அக்கா உடனே குதிக்கவேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு.

அந்தச் சைக்கிள் போன அழகை என்னவென்பேன். நிழல் ஒன்று தெருவில் வழுக்கிச் செல்வதுபோல இருந்தது. இருபுறமும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரமில்லை. ஆயினும் இனி அண்ணைக்கு எறும்பு நடப்பதும் கேட்கும் என்று தேறினேன்.

அப்போதுதான் அக்கா பேசத் தொடங்கினார்.

"இஞ்சேருங்கோ! பக்கத்துக் கடைக்காரி இருக்கிறாளெல்லோ! வெண்டிக்காயிலை தண்ணி தெளிச்செல்லோ நிறுக்கிறாள்! கேட்டா வெய்யிலுக்கு வாடிப்போமாம்! மெய்யே, உது ஒரு ஞாயமே!"

நூறு யாருக்கு அப்பால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வில்லைப் பிடுங்கி, பிறீவீலை அடைத்து, என் மனைவியின் செருப்பையும் அரிந்து கட்டிய மௌனம் முழுவதும் வெண்டிக்காயில் மூழ்கிப் போயிற்றே! இதோ திரும்புவார், இதோ அந்த விரல் உதட்டுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டே மிதித்தேன். மாட்டுக்குச் சொன்னவர், எனக்குச் சொன்னவர், பாழ்ங்கிணற்றுக்கும் சொன்னவர். அவர் திரும்பவில்லை. தலையைச் சற்றே சாய்த்தபடி மிதித்துக்கொண்டே போனார். அக்கா வெண்டியிலிருந்து பூசணிக்குத் தாவினார். பூசணியிலிருந்து மீண்டும் வெண்டிக்கு வந்தார்.

திடீரென்று அந்த முழங்கை பின்னுக்குப் போயிற்று.

அக்கா பேசிய சொல்லைப் பாதியில் விட்டுக் கடகத்தோடு குதித்தார். சைக்கிள் ஒரு முனகலின்றி நின்றது. அண்ணை என்னைப் பார்த்துக் கையை வீசினார். வானத்தைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. காதைக் கொடுத்தேன்; ஒன்றுமில்லை. கருவண்டின் ஞாபகம் வந்தது. ஆயினும் என் கால்கள் என்னைக் கேளாமலே ஓடின. மூவரும் தெருவோர மதகுக்குள் சேற்றில் விழுந்தோம்.

அதன் பின்னரே அது வந்தது. வானம் கிழிந்தது. வயலுக்கு அப்பால் நிலம் இருமுறை துள்ளிற்று. மண் மழைபோல மதகின்மேல் சொரிந்தது. அக்கா கண்ணை இறுக மூடி, உள்ளங்கையை அண்ணையின் நெஞ்சில் வைத்திருந்தார். அதன் துடிப்புத் தணியும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்தார்.

"தண்ணி தெளிச்சா நிறை கூடாதே? நீ சொல்லு தம்பி! நிறுக்கிறவன் நீதானே!"

மதகுக்குள் அந்தக் குரல் குண்டிலும் பெரிதாக ஒலித்தது. நான் தலையை ஆட்டினேன். வெற்றி கண்டவராய் அவர் கடகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஏறினார்.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, ஊர் முழுக்க உஸ் எண்டு வாயைப் பொத்திறியள். அக்காவுக்கு ஒருக்காச் சொன்னாலென்ன? உந்தச் சத்தத்துக்குள்ளை கேக்காமல் விட்டிருந்தா?"

அவர் சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார்: "அவவின்ரை குரலுக்குப் பின்னாலை எனக்கு எல்லாம் கேக்கும். மட்காட்டுக்குப் பின்னாலைதான் கேக்காது." கைச்சேற்றை உதறினார். "காது போன பிறகு எத்தினை நாள் அவ கதையாமல் இருந்தவ, உனக்குத் தெரியும்தானே. எந்தச் சத்தத்தையும் நான் திருத்திப்போடுவன் தம்பி. அதை என்னாலை திருத்த ஏலாமல் கிடந்தது. மற்றச் சத்தமெல்லாத்தையும் கழட்டினது, அவ கதைக்கிறதுக்கு இடம் விடத்தான்."

வெளியே அக்கா கூப்பிட்டார். அந்த அழைப்பு வயலைக் கடந்து போயிற்று. அண்ணை சைக்கிளை நிமிர்த்தினார்.

பின்னொரு காலத்தில், போர் நெருங்கிவர, ஊரே வீடுகளைப் பூட்டித் தெருவுக்கு இறங்கி, மழையில் கிழக்கு நோக்கி நடந்தது. அத்தனை ஆயிரம் பேர். ஒருவர் வாயிலும் சொல்லில்லை. எங்கள் ஒழுங்கையாரை நெரிசலில் தவறவிட்டு, எப்பக்கம் போவதென்று அறியாமல் நின்றேன். அப்போது வெகு முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கத்தரியை ஆயாமல் விட்டு வந்ததைப் பற்றி அது முழக்கமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தது. அக்குரலைப் பிடித்துக்கொண்டே நான் என் பிள்ளைகளை நடத்திச் சென்றேன்.

ஐயா, அம்மா, இவ்விருவரையும் பற்றி வேறெவரும் எழுதி வைத்ததாக நான் அறியேன். ஆகையால் வாசித்தபின் இந்தத் தாளைச் சுருட்டி எறியாமல் வைத்திருங்கள்.