பதினேழாம் எண் உறை

சிங்கப்பூரில் ரயிலிலும் காப்பிக் கடையிலும் நீங்கள் அடிக்கடி இடித்துக்கொண்டு போகும் ஓர் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன்: கடிதப் போராளி. தோளில் வாசகம் அச்சிட்ட துணிப்பை, கைப்பேசியில் எங்கோ ஒரு நாட்டின் தேர்தல் வரைபடம். தன் தொகுதி எந்தத் தெருவோடு முடிகிறது என்று கேட்டால் விழிப்பார். கடல் கடந்த ஊரில் எந்த வாக்குச்சாவடியில் எப்போது மின்சாரம் போனது என்று கேளுங்கள், நிமிடத்தோடு சொல்வார். இவருக்குச் சும்மா கவலைப்படத் தெரியாது. ஆழ்ந்த கவலைதான்.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சிறைகளில் வாடுபவர்களுக்குக் கடிதம் எழுத, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் முப்பது பேர் கூடுகிறோம். இம்முறை எங்களுக்குக் 'கிடைத்தவர்' அனம் என்ற பள்ளி ஆசிரியை. தன் நாட்டு வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னதற்காகச் சிறையில் இருக்கிறார். அங்கே நாளுக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. தேர்தலுக்கு முப்பது நாள், நாங்கள் முப்பது பேர். உறைமீது ஆளுக்கொரு எண். அவருடைய வழக்கறிஞருக்குத் தபாலில் அனுப்பினால், வரிசைப்படி தினம் ஒன்றை உள்ளே கொண்டுபோவார். என் எண் பதினேழு.

ஏற்பாட்டாளர் அனிதா தெளிவாகத்தான் சொன்னார்: "ஒரே பக்கம்தான் லா. வெதர், சாப்பாடு, பூனை, என்ன வேணும்னாலும் எழுதுங்க. பாலிடிக்ஸ் மட்டும் வேணாம், கேட்லயே நிறுத்திடுவாங்க."

பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் பாய் தன் பூனையைப் பற்றிப் பத்து நிமிடத்தில் எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து டீ குடித்தார்.

நான்? எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பூனையைப் பற்றி எழுதவா அப்பா பேருந்து ஓட்டிப் படிக்க வைத்தார்? ஆங் மோ கியோ நூலகத்தில் ஆறு நாள் உட்கார்ந்து, சுதந்திரம் முதல் பத்தியில் வர வேண்டுமா இரண்டாவதிலா என்று என்னோடு நானே சண்டையிட்டு, பதினொரு வரைவுகளைக் கிழித்து, நான்கு பக்கம் எழுதினேன். தபால்தலை ஒட்டினேன். வண்ணச் சுவர் ஒன்றில் உறையைச் சாய்த்துப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினேன். நூற்று நாற்பத்து மூன்று லைக். அனமே விடுதலையாகிவிட்டதுபோல் ஒரு நிம்மதி.

பதினெட்டாம் நாள் ஞாயிறு. வழக்கறிஞரின் செய்தியை அனிதா வாசித்தார்: 'பதினேழாம் உறை வந்து சேரவில்லை, அதனால் நேற்று கடிதம் இல்லை. என்னை மறந்துவிட்டார்களா என்று அனம் கேட்டார்.'

"பதினேழு யாரு?"

கையைத் தூக்கினேன்.

"கபிலன்! அப்போ தபால்லயே பிடிச்சிட்டாங்க! அவ்வளவு ஸ்ட்ராங்கா எழுதிட்டீங்களா?"

மாடியே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓர் அரசாங்கமே அஞ்சும் உரைநடை! அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே ஒரு கண்டனக் கடிதம் என்று முடிவாயிற்று. எழுதப்போவது யார்? வேறு யார்!

கஃபார் பாய் மட்டும் அருகில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, பையில பாத்தீங்களா?"

"என்ன பாய்! அன்னிக்கே போட்டுட்டேன்."

"எந்தப் பெட்டியில?"

யோசித்தேன். சுவரின் நிறம் நினைவிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பதும் நினைவிருந்தது. பெட்டி நினைவில் இல்லை. பைக்குள் கையை விட்டேன்.

இருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து வேறொரு தாளில் எழுதினேன்: 'பதினேழாம் நாள் உங்களை யாரும் மறக்கவில்லை. உங்களுக்கு எழுதுவதாக நினைத்து ஒருவன் தனக்கே எழுதிக்கொண்டிருந்தான். மன்னியுங்கள். இன்று எங்கள் புளோக்கில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு மாடி இறங்கி வந்தேன்.' உறைமீது என்ன எண் போடுவது? முப்பதுவரை ஆள் இருந்தது. தேர்தலுக்கு மறுநாளும் அனம் உள்ளேதான் இருப்பார் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. முப்பத்தொன்று என்று எழுதினேன். பெட்டிவரை பாய் கூடவே வந்தார். உறை உள்ளே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

குழுவிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. வாக்குமூலம் தயாராகிறது, இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன். 'வருந்துகிறேன்' போதுமா, 'ஆழ்ந்து வருந்துகிறேன்' வேண்டுமா என்பதில்தான் தாமதம்.

சிரிக்கிறீர்களா? போன மாதம் இணையத்தில் யாருடைய படத்துக்கோ கண்ணீர்ப் பொம்மை போட்டீர்களே, அவர் வெளியே வந்துவிட்டாரா? பெயராவது நினைவிருக்கிறதா? எதற்கும் உங்கள் பையை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.