முத்திரை தேய்ந்த கத்தி

மூன்றாவது முறையாக பெல்ட் உருளையை விட்டு நழுவி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மனைவியின் சட்டைமேல் போய் விழுந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் பண்ணுமா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் சூடாகணும். அப்புறம் சரியாயிடும்," என்றான் அவன். கத்தி தீட்டும் பெல்ட் கிரைண்டரின் பெட்டியைப் பிரித்ததே அன்று காலையில்தான்.

எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை. மாமனாரின் பிறந்தநாளுக்குக் கடையில் ஒரு கத்தி வாங்கி, அதிலிருந்த கம்பெனி முத்திரையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, "நானே செஞ்சது மாமா," என்று கொடுத்திருந்தான். அவர் கண் கலங்கிவிட்டது. அதை நினைத்தால் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

"அப்பா கத்தியோட வர்றார். அவர் முன்னாடி தீட்டிக் காட்டுங்க," என்று மனைவி நச்சரிக்க, இருப்பதிலேயே மலிவான கிரைண்டராகப் பார்த்து வாங்கினான். பழகிக்கொள்ள ஒரு வாரம் இருக்கும் என்பது அவன் கணக்கு. மாமனாரோ நேற்றே வந்து இறங்கிவிட்டார். பையை வைத்ததும், "காலாற நடந்துட்டு வரேன்," என்று போனவர், திரும்பி வந்து ஒரு மணி நேரம் குளியலறையிலேயே இருந்தார். வயிறு சரியில்லையாம்.

இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, கத்தி நல்லாத்தான் இருக்கு. எதுக்கு வீண் சிரமம்?"

"நீங்க சும்மா இருங்கப்பா!" மனைவி கத்தியைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள்.

பெல்ட் நழுவாமலிருக்கத் திருகை இறுக்கினான். மேசை குதித்தது. மேசையைத் துணி துவைக்கும் எந்திரத்தோடு சேர்த்துக் கட்டினான். இரண்டும் சேர்ந்து குதித்தன. பெல்ட்டின் உட்புறத்தில் ஒரு அம்புக்குறி இருப்பதை அவன் கண்டுபிடித்தபோது, அது எதிர்த்திசையில் ஓடி, ஒட்டு விட்டு அறுந்திருந்தது.

அதற்குள் மனைவி கிரைண்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்துவிட்டாள். "கடைக்காரரே புது பெல்ட் கொண்டு வர்றாராம். பத்து நிமிஷம்தான்."

அவனுக்கு அந்தக் கத்தியை விற்றவரும் அவர்தான். அவர் வருவதற்குள் தீட்டி ஒளித்துவிட வேண்டும். பெட்டியில் மிச்சமிருந்த சொரசொரப்பான முரட்டு பெல்ட்டை மாட்டிக் கத்தியை அழுத்தினான். பொறி பறந்தது. நுனி நீலமானது, பிறகு நுனியே இல்லை.

முத்திரை இருந்த இடம் மட்டும் பளபளவென்றிருந்தது. இவ்வளவு சுத்தமாகவா தேய்த்தோம்? திருட்டுத்தனத்தில் மட்டும் கைத்திறமையைப் பார், என்று தன்னையே நொந்துகொண்டான். அதற்குமேல் தாங்கவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும். இந்தக் கத்தி நான்..."

"வேண்டாம் மாப்பிள்ளை!" மாமனார் பதறி எழுந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "எதுவும் சொல்லாதீங்க."

மனுஷருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மகள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று அவன் கூனிக் குறுகிப்போனான்.

வாசல் மணி அடித்தது. கடைக்காரர் பெல்ட்டோடு உள்ளே வந்தார். அவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அது நழுவித் தரையில் விழுந்தது. கடைக்காரர் கத்தியைப் பார்த்தார். பிறகு, அவனை விட்டுவிட்டு மாமனாரைப் பார்த்தார்.

"என்ன ஐயா இது! பழசு தொலைஞ்சுபோச்சு, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவாருன்னு நேத்துதானே தேடித் தேடி இதே மாதிரி வாங்கினீங்க? முத்திரையைத் தேய்க்க உப்புத்தாள் வேற கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே!"