கராட்டினாவுக்கு ஏழு கேக்குகள்

தீக்கா ஊரைத் தொடுவதற்குள் மாப்பிள்ளைத் தோழனுடைய கேக் செத்துப்போயிருந்தது.

முன் இருக்கையிலிருந்து வங்கெச்சி திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கைகளை மடித்துப் போட்ட இடத்தில் ஏழு அட்டைப் பெட்டிகள், ஏழு கல்யாணக் கேக்குகள். அதில் ஒரு பெட்டி மட்டும் சப்பிப்போய், அதன் ஓரத்தில் வெள்ளைக் கிரீம் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"வைரிமு அப்பா, இது காரா, கழுதையா? இப்படி உதைக்குது."

அவள் புருஷன் முரீதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த, அழுத்தம் காட்டும் சின்ன வட்டமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

ருயிரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர் முரீதி. இரண்டு மாதத்துக்கு முன், வங்கெச்சியின் கேக் பெட்டிகள் வைக்கப் பின்பக்கம் விசாலமாக இருக்கிறதே என்று ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினார். அதற்குள் டர்போ இருப்பதை விற்றவன் சொல்லவில்லை. சாவியைக் கொடுக்கும்போது சிரித்தான், அவ்வளவுதான்.

டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற ஒரு காற்றாடி. அளவாகத் திணித்தால் கார் பறக்கும். அளவு மீறினால், எஞ்சின் வெடித்துவிடுமோ என்று பயந்து காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சட்டென்று பெட்ரோலை நிறுத்திவிடும். பிறகு மனமிரங்கித் திரும்ப விடும். நிறுத்தும்போது கேக்குகள் முன்னால் வந்து முட்டும். விடும்போது பின்னால் போகும். முரீதியின் கார் மேடு கண்ட இடமெல்லாம் இதைச் செய்தது.

கல்யாணம் கராட்டினாவில், வங்கெச்சியின் அண்ணன் மகளுக்கு. ஒரே ஒரு கேக்கைக் கொண்டுபோய் வைத்துக் கல்யாணத்தை முடிக்க அந்தப் பக்கத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. மணமக்கள் வெட்டுவதற்கு ஒன்று, பெண் வீட்டாருக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று, போதகருக்கு, தோழனுக்கு, சபை மூப்பர்களுக்கு, பெரியப்பாவுக்கு. பெயர் சொல்லி அழைத்து, எல்லார் முன்னாலும் கையில் கொடுக்க வேண்டும். விடுபட்டவர் வாய் திறந்து கேட்க மாட்டார். சாகும்வரை மறக்கவும் மாட்டார்.

"நியேரி பேக்கரியில சொல்லிடலாம்னு அண்ணி எவ்வளவோ சொன்னா. நான்தான் செய்வேன்னு சண்டை போட்டு இந்த வேலையை வாங்கினேன்" என்றாள் வங்கெச்சி. "இது போய்ச் சேரலேன்னா நான் இனிமே அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க முடியாது."

"போய்ச் சேரும்."

"ஆறுதான் சேரும்."

தீக்காவில் சாலையோரம் மூன்று தகரங்களைச் சாய்த்து வைத்து ஒரு மெக்கானிக் கடை போட்டிருந்தான். முரீதி காரை நிறுத்தினார்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் வங்கெச்சி. "உங்க குரல் உங்க மீசையைத் தாண்டாது. அப்புறம் அவன் பாட்டுக்கு ஆயில் மாத்தி அனுப்பிடுவான்."

முரீதி இறங்கி, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார். "டர்போ அழுத்தம் ரொம்ப ஏறுது. குறைச்சு விடுங்க."

மெக்கானிக் அவரைப் பார்த்தான். பிறகு காருக்குள், தேவாலயத்துக்குப் போகிற தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வங்கெச்சியைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான்.

"புரிஞ்சுதுங்க. வாத்தியாரா?"

"எப்படித் தெரியும்?"

"குரல்லயே தெரியுது. அம்மா நிம்மதியா போகலாம்."

பானட்டைத் திறந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயைக் காட்டினான். "அழுத்தம் ஏறிடுச்சு, புகையை வெளிய விட கதவைத் திறன்னு டர்போவுக்குச் சொல்றது இதுதான். வெடிச்சிருக்கு." வேறு குழாய் மாட்டினான். மாட்டுவதற்கு முன், பால்பாயிண்ட் பேனாவின் நுனித் துண்டு ஒன்றை அதற்குள் தள்ளினான்.

"அது எதுக்கு?"

"அதுதான் மருந்து" என்றான்.

மருந்து அடுத்த மேட்டிலேயே வேலை செய்தது. முள் சிவப்புக் கோட்டை விரல் அகலம் தாண்டியது. கார் உதைத்த உதையில் முரீதியின் மூக்குக்கண்ணாடி வங்கெச்சியின் மடியில் போய் விழுந்தது. பின்னால் போதகரின் கேக் பெட்டி இரண்டு தரம் புரண்டு தலைகீழாக நின்றது.

வங்கெச்சி மூக்குக்கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிறகு, "பெரியப்பா கேக்கை போதகருக்குக் கொடுத்துடலாம்" என்றாள்.

"பெரியப்பாவுக்கு?"

"அவருக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே."

"அப்ப எதுக்கு அவருக்கு ஒண்ணு செஞ்ச?"

"செய்யலேன்னா கோவிச்சுக்குவாரே."

முரீதி மணிக்கு முப்பதில் ஓட்டிப் பார்த்தார். வெங்காய மூட்டை ஏற்றிய லாரிகள் முந்திப் போயின. அப்புறம் இரண்டு சைக்கிள்கள். கல்யாணம் பத்து மணிக்கு. முப்பதில் போனால் முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத்தான் போய்ச் சேரலாம் என்று வங்கெச்சி கணக்குச் சொன்னாள். அவர் காலை அழுத்தினார். கார் உதைத்தது.

கெனோலில் இருந்த மெக்கானிக் குண்டாக, பொறுமையாக இருந்தான். முரீதி இந்தமுறை இன்னும் சத்தமாகச் சொன்னார். வாழைப்பழம் விற்கிற பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"குறைக்கணும். தீக்காவுல ஒருத்தன் கை வெச்சு இன்னும் ஏறிப்போச்சு."

"தீக்காவுல நல்ல கைதான்" என்றான் அவன், குழாயைப் பார்த்துக்கொண்டே. பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "கவலைப்படாதீங்கம்மா, இனிமே ஆட்டுக்குட்டி மாதிரி போகும்" என்றான். வங்கெச்சிக்கு அவனைப் பிடித்துவிட்டது.

டர்போவின் கதவைத் திறந்து மூடுகிற கம்பி ஒன்று இருந்தது. அதன் மறையை நாலு சுற்று சுற்றி, கம்பியைக் குட்டையாக்கினான். "கதவு லூசா இருந்துச்சு" என்றான்.

ஆட்டுக்குட்டி மூன்று கிலோமீட்டர் போயிற்று. அதற்கப்புறம் வந்த மேட்டில் மாப்பிள்ளை வீட்டாரின் கேக்கும், போதகருக்கு மாற்றி எழுதப்பட்ட பெரியப்பாவின் கேக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே கேக்காயின.

வங்கெச்சி காரை நிறுத்தச் சொன்னாள். பின்னால் போய், மணமக்கள் வெட்டுகிற கேக்கை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், அவள் அப்பா செத்தபோதுதான் முரீதி அதைப் பார்த்திருந்தார்.

"ராத்திரி மூணு மணி வரைக்கும் ரோஜாப்பூ போட்டேன்" என்றாள். "ஒவ்வொரு இதழா."

முரீதிக்கு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பூகோளத்தில் தான் சொல்லித்தந்த ஏதாவது ஒரு பாலைவனத்துக்கு நடந்துபோய்விடலாம் என்று இருந்தது.

சகானாவில் மூன்றாவது மெக்கானிக் வயதானவர். வெள்ளைப் புருவம், சுத்தமான கைகள். முரீதி அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஐயா, எங்கம்மா மேல சத்தியமா கேக்குறேன். குறைச்சு விடுங்க. எனக்கு வேகம் வேண்டாம். நான் வேகத்தை வெறுக்குறேன். இவங்க என் பொண்டாட்டி. இவங்க மடியில இருக்கிறதுதான் கடைசி நம்பிக்கை. உங்க காலைப் பிடிக்கட்டுமா?"

கிழவர் வெள்ளைப் புருவத்தை உயர்த்தினார். பிறகு பக்கத்தில் சைலன்சர் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இங்க வாங்கடா. இதைக் கேளுங்க." முரீதியிடம், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார்.

முரீதி இன்னொரு தரம் சொன்னார். குரல் உடைந்தது. ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றார் கிழவர். "இவ்வளவு உருக்கமா ஒருத்தரும் சொன்னதில்ல. உங்களுக்கு நானே கை வெக்கிறேன்."

கம்ப்யூட்டரிடம் அழுத்தத்தைப் பற்றிக் கோள்மூட்டுகிற குழாயில், கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றை மாட்டினார். "இனிமே உதைக்காது" என்று வாக்குக் கொடுத்தார்.

உதைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கிழவர் காப்பாற்றினார்.

முள் சிவப்பைத் தாண்டியது. எண்களைத் தாண்டியது. கடைசியில் இருந்த குச்சியில் முட்டி, இனிப் போக இடமில்லாமல் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பயப்படுவதை நிறுத்திவிட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி அள்ளிக் கொடுத்தது. முரீதி காலை எடுத்தும் கார் அதைக் கொஞ்சநேரம் நம்பவில்லை. பதினாலு பேர் போகிற மினிபஸ் ஒன்றை அவர் முந்தியபோது, அதன் டிரைவர் ஜன்னல் வழியாகக் கை நீட்டி சல்யூட் அடித்தான். அந்த ஜாதி டிரைவர்கள் போலீசுக்கே அடிக்க மாட்டார்கள்.

மீதி இருந்த இரண்டு கேக்குகளும் உதைபடாமல், அவசரப்படாமல், பெட்டியைக் கிழித்துக்கொண்டு பின்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டன. பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு ரோஜாப்பூ தெளிவாகத் தெரிந்தது.

கராட்டினா எல்லையில், சந்தைக்குப் போகிற திருப்பத்தில், பானட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று துப்பாக்கிபோல் வெடித்தது. வெள்ளை ஆவி கிளம்பி காரை மூடியது. அது கலைந்தபோது வங்கெச்சி பெட்டியோடு சாலையில் நின்றுகொண்டிருந்தாள்.

வாடகைக்கு ஓடும் மோட்டார்சைக்கிள் ஒன்றை அவளே கை காட்டி நிறுத்தி, பின்னால் ஏறிக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்கு" என்றார் முரீதி.

"ஆமா. ஆறு பேர் மூஞ்சியில முழிக்கணும்."

"கார் மேல பழியைப் போடு."

"கார் யார் வாங்கினதுன்னு கேப்பாங்க" என்றாள். மோட்டார்சைக்கிள் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலையோரம் டீக்கடை ஒன்று இருந்தது. முரீதி அதன் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்காரம்மா கேட்காமலேயே டீ ஊற்றி, ஒரு மந்தாசி பலகாரத்தையும் தட்டில் வைத்தாள். துக்க வீட்டுக்காரருக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"மூணு பேர் கிட்டயும் குறைக்கச் சொல்லித்தான் கெஞ்சினேன். மூணு பேரும் தலையாட்டினாங்க. ஆனா ஒவ்வொருத்தன் கை வெச்சப்பவும் ஏறிக்கிட்டேதான் போச்சு. நான் என்னம்மா பாவம் பண்ணேன்?"

அவள் டீ வடிகட்டியை உதறிக்கொண்டே யோசித்தாள்.

"கெஞ்சும்போது வீட்டுக்காரம்மா எங்க இருந்தாங்க?"

"கார்லதான். எல்லாம் அவ காதுல விழணும்னுதானே சத்தமா சொன்னேன்."

"அட கடவுளே" என்றாள் அவள். "பொண்டாட்டி காதுல விழற மாதிரி குறைக்கச் சொல்ற ஆம்பளைக்கு, இந்த ரோட்டுல எல்லா மெக்கானிக்கும் ஜாடை புரிஞ்சு ஏத்தித்தான் விடுவாங்க, வாத்தியாரே, எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா அதுலதான் பிழைக்கிறார்."